ஐந்து இல்லாத எண்கள்

விளக்கு எரியும்போதே கைக்கு வழி சொல்லி வச்சிரணும், இல்லாட்டி… இல்லாட்டி என்ன, அதற்கு மேல் அம்பலவாணனுக்கு நினைவில்லை, நினைவில்லை என்பதுகூடச் சரியில்லை, காதிலேயே விழவில்லை, அத்தான் குற்றாலிங்கம் நூல் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கேன்டீன் ஹாலில் மாலையும் கழுத்துமாக நின்று பேசிய நாலே வரிப் பேச்சில் இரண்டாவது வரியின் பாதியில் மைக் கூவிவிட்டது, கூட்டம் சிரித்தது, தான் போட்ட ஒயரிங்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்பதுபோல அத்தான் மைக்கை ஒரு பார்வை பார்த்தார், மிச்சத்தைச் சொன்னாரா விழுங்கினாரா தெரியவில்லை, அடுத்த வரி வந்திருந்தவர்களுக்கு நன்றி. டென்மார்க்கிலிருந்து பத்து நாள் லீவில் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்பலவாணனும் அன்று சிரித்தவர்களில் ஒருவன். இப்போது அந்தப் பாதி வரி ஏன் வந்து நிற்கிறது என்று தெரியவில்லை, பங்குனி வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜைக்கு வந்துவிட்டது, மணி இரண்டரை, மேஜைமேல் அத்தானின் பெட்டியிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு துண்டு மிதியடி ரப்பர்மேல் கிடந்து டிக் என்றது, கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி டிக் என்றது, பின்கட்டில் அக்கா ஆவுடையம்மாள் சின்னச் சுத்தியலால் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் சத்தமும் டிக், டிக் என்று அதே தாளத்தில் வந்துகொண்டிருந்தது, எது எதன் சத்தம் என்று ஒரு நிமிஷம் காது குழம்பியது, அக்காவின் சத்தத்தில் பயமில்லை, இதில் இருந்தது. இது நின்றுவிட்டால் எண்கள் போயிற்று. பாட்டுகள் போகாது, நானூற்று இருபத்தெட்டுப் பாட்டும் புது டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன, எந்தப் பாட்டுக்கு எந்த எண் என்பது மட்டும் போய்விடும், அது போனால் அக்காவுக்கு அந்த நானூற்று இருபத்தெட்டும் இருந்தும் இல்லாததுதான்.

எண்களை அழித்தது வேறு யாருமில்லை, அவன்தான், அதை எத்தனை விதமாகச் சுற்றிப் பார்த்தாலும் அங்கேயேதான் வந்து முட்டியது. அத்தான் போன பிறகு அக்காவோடு இருக்க நீண்ட லீவில் வந்திருந்தான், போன மாதம் பெட்டியின் பவர் சப்ளை புகைந்துபோனது. அதன் மூடியைத் திறந்தபோதுதான் அத்தான் செய்து வைத்திருந்ததை முதன்முறையாக முழுசாகப் பார்த்தான், மில் ஆபீஸில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரின் உள்பாகம் அப்படியே தேயிலைப் பெட்டிப் பலகைக்குள் உட்கார்ந்திருந்தது, மதர்போர்டுக்கு அடியில் சைக்கிள் டியூப் வெட்டி வாஷர், விசிறி சத்தம் போடாமலிருக்க அதன் ஒயரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்து வேகத்தைக் குறைத்திருக்கிறார், இரண்டு பக்கமும் வேறு வேறு டேப் ரெக்கார்டர்களின் ஸ்பீக்கர், முன்னால் ஒரு கீபோர்டு, அதில் எழுத்துகள் இருக்கும் இடமெல்லாம் பலகை வைத்து மூடி ஸ்குரூ போட்டு வலதுபக்கத்து எண்கள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. திரை கிடையாது. மூன்று எண்ணை அழுத்தி என்டரைத் தட்டினால் அந்த எண்ணின் பாட்டு, அவ்வளவுதான். அக்கா வீட்டில் பாட்டுக்குப் பேரே கிடையாது, என்ன அருமையான நூத்தி நாப்பத்தேழு தெரியுமா என்பாள், பக்கத்து வீட்டு மரகதம் வந்தால், மதினி, அந்த எழுநூத்தி முப்பத்தொண்ணைப் போடுங்க, உலையை வச்சுட்டு வந்திருக்கேன் என்பாள். அம்பலவாணனுக்கு அது வேடிக்கையாக இருந்தது, பாவமாகவும் இருந்தது, பாவம் என்று நினைத்ததுதான் வினை. உள்ளங்கை அகலப் புது கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கி, பாட்டுகளை அதற்கு மாற்றி, பாட்டைக் கேட்டே பேர் சொல்கிற மென்பொருளை விட்டு ஒவ்வொன்றுக்கும் பேர், பாடியவர், வருஷம் எல்லாம் எழுத வைத்து, ஓட்டையும் இடைவெளியுமாக இருந்த பழைய எண்களை எடுத்துவிட்டு ஒன்றிலிருந்து நானூற்று இருபத்தெட்டு வரை வரிசையாக அடுக்கி, தொட்டால் நகரும் அழகான சின்னத் திரை ஒன்றையும் பொருத்தினான். பழைய எண்களை ஒரு பட்டியலாகக்கூட எடுத்து வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் எஞ்சினியர் உத்தியோகம். அக்கா கோபப்படவில்லை, அதுதான், கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, இரண்டு நாள் எதையோ அழுத்திப் பார்த்தாள், எழுநூற்று முப்பத்தொன்றுக்கு ஒன்றும் வரவில்லை, நூற்று நாற்பத்தேழுக்கு யாரோ ஒரு ஹீரோ சண்டைக்குக் கூப்பிட்டான், மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஏ தம்பி, அந்த மழைப் பாட்டைக் கொஞ்சம் போடேன், என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டுக்காக அவள் இன்னொருத்தரைக் கேட்டதில்லை. கண்ணுக்குப் பகல், ராத்திரி வித்தியாசம் மட்டும்தான் தெரிகிறது என்று ஆன பிறகு எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டியிருந்தது, மருந்துக்கு, சாலையைக் கடக்க, சேலையின் நிறத்துக்கு, பாட்டுக்கு மட்டும் கேட்டதில்லை, அதையும் கேட்க வைத்தாயிற்று.

அதனால்தான் இந்த டிக் டிக். பழைய டிஸ்கில் எது எந்தப் பேரில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் இடமே தேய்ந்துபோயிருந்தது, மீட்டெடுக்கிற மென்பொருள் அதைத் துழாவித் துழாவி ஒவ்வொரு எண்ணாக மேலே கொண்டுவந்துகொண்டிருந்தது, நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று, நூற்றுப் பதினான்கு, அப்புறம் நூற்றுப் பதினாறு. பதினைந்து எங்கே, படிக்க முடியாமல் விட்டுவிட்டதா, ஒன்று போனால் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டான், இருபத்து நான்கு வந்தது, இருபத்தாறு வந்தது. நாற்பத்தொன்பதுக்குப் பிறகு நேராக நூற்று அறுபத்தொன்று. தேய்ந்த டிஸ்க் இப்படி ஒழுங்காகத் தேயாதே. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே இடைவெளிகளைப் பார்த்துவிட்டு அத்தான் இஷ்டத்துக்கு அழித்திருக்கிறார், வரிசை தெரியாத மனுஷன் என்று எண்ணியது ஞாபகம் வந்து காது சூடானது. கையைக் கீபோர்டில் வைத்தான், கண்ணை மூடினான். ஐந்தின்மேல் அந்தச் சின்ன மேடு, விரல் தானாகப் போய் உட்காருகிற இடம், அங்கிருந்து மேலே எட்டு, கீழே இரண்டு, பக்கத்தில் நான்கும் ஆறும், நாலு மூலைக்கும் மிச்ச நாலு எண். ஒரு பாட்டு எண்ணிலும் ஐந்து இல்லை, இந்தக் கட்டத்துக்கு வெளியே அடியில் கிடக்கிற சைபரும் இல்லை. ஐந்து விரல் இளைப்பாறுகிற இடம், அங்கே கை தவறிப் பட்டாலும் எதுவும் கத்தக் கூடாது. அத்தானின் புரோகிராமை மறுபடி திறந்து பார்த்தான், இருபத்தேழே வரி, எல்லாம் பெரிய எழுத்தில், மில் சுவிட்ச் போர்டில் எழுதி ஒட்டுகிற மாதிரி, அதில் பத்தொன்பதாவது வரி சொன்னது: ஐந்து என்றால் நிறுத்து. பாட்டு ஓடும்போது ஐந்து, நின்றுவிடும், எண்ணைப் பாதியில் தப்பாக அழுத்திவிட்டால் ஐந்து, அதுவரை அழுத்தியதை மறந்துவிட்டு முதலிலிருந்து கேட்கும். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தில் அவனுடைய கம்பெனி காதுக் கருவி செய்கிற கம்பெனி, வயதானவர்கள் தடவிப் பார்த்தே இயக்குகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டிக்குப் பொத்தான் எங்கே வைப்பது என்று பதினோரு பேர் இரண்டு வருஷம் உட்கார்ந்தார்கள், அந்தப் பதினோரு பேரில் அவனும் ஒருவன், முடிவில் எண்பது பக்க அறிக்கை, அதன் சாரம் விரல் தங்குகிற இடத்தில் ஒன்றும் நடக்கக் கூடாது என்பது, அதற்குக் கேக் வெட்டினார்கள். அத்தான் பத்தாம் வகுப்பும் ஒரு ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டும். எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் மேல்வரிசை, அதெல்லாம் காலைப் பாட்டு, நடுவரிசை மத்தியானத்துக்கு, கீழ்வரிசை அந்தி சாய்ந்த பிறகு, பொழுது இறங்க இறங்க விரலும் இறங்கும். அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டான், பின்கட்டில் சுத்தியல் ஒரு நொடி நின்று மறுபடி தட்டியது.

ஆனால் அவளுக்கென்று இதைச் செய்தபோது அவளுக்குக் கண் தெரிந்துகொண்டிருந்ததே. இங்கேதான் நினைவு சிக்கியது, நேற்றிலிருந்தே சிக்கிக்கொண்டிருந்தது. பெட்டி வந்தது இரண்டாயிரத்தெட்டு தீபாவளிக்கு, அக்கா அப்போது ஊசியில் நூல் கோப்பாள், போனில் அவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், ஊர்ல ஒவ்வொருத்தன் படம் தெரியுற பெட்டியா வாங்குதான், எங்க வீட்டு எஞ்சினியரு குருட்டுப் பெட்டி செஞ்சிருக்காரு, ஒரு மானிட்டர் வைக்க மனசு வரலை, கஞ்சப்பிசினாரி. அத்தான் பின்னாலிருந்து, மானிட்டர் கிடைக்கலைப்பா, கிடைச்சா வைக்கமாட்டேனா, என்பது கேட்கும். வருஷா வருஷம் லீவில் வரும்போதும் இதே கேலி, இதே பதில். நேற்று, பழைய பெட்டியை ஒரு தடவை உயிர்ப்பித்துப் பார்க்க ஏதாவது திரை கிடைக்குமா என்று பரணில் ஏறித் தேடியபோது பித்தளைத் தவலைக்குப் பின்னால் பச்சைப் போர்வையில் சுற்றிய மூட்டை ஒன்று, அவிழ்த்தால் மானிட்டர், அதே மில் ஆபீஸ் ஸ்டிக்கரோடு, ஒயர் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. ஒயர் வைத்திருந்த பாலிதீன் பையில் மடித்த காகிதம், கண் ஆஸ்பத்திரிச் சீட்டு, அக்காவின் பேர், விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, மருந்து இல்லை, கணவரிடம் தெரிவிக்கப்பட்டது, தேதி ஆகஸ்ட் இரண்டாயிரத்தெட்டு. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னது இரண்டாயிரத்துப் பதினொன்றில், அவளே போனில் அழாமல் சொன்னது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று வருஷம். கணவரிடம் தெரிவிக்கப்பட்டது, என்ன வாக்கியம் அது, அவள் கண், அவளிடம் சொல்ல வேண்டாமா, ஆர்ஹுஸில் ஒரு டாக்டர் இப்படிச் செய்தால் மறுநாள் வேலை இருக்காது, நேற்று ராத்திரி படுக்கையில் அத்தான்மீது கோபமாகத்தான் வந்தது, செத்துப்போன மனுஷனோடு சண்டை போட்டான், சொல்லியிருக்கலாமே அத்தான், அவளுக்குப் பார்க்க வேண்டியது ஏதாவது இருந்திருக்குமே. ஆனால் சண்டை ஒவ்வொரு தடவையும் அந்தக் கீபோர்டில் வந்து நின்றது. ஆகஸ்டில் சீட்டு, அக்டோபரில் தீபாவளி. அழுதாரா, தெரியவில்லை, யாரிடமாவது சொன்னாரா, தெரியவில்லை, மில் விட்டு வந்து ராவிக்கொண்டும் பற்றவைத்துக்கொண்டும் இருந்தார், எரிகிற மானிட்டரைக் கழற்றிப் பரணில் போட்டார், கண் இருக்கும்போதே விரல் பழகட்டும் என்று, கஞ்சன் என்ற பேரை வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்பது வருஷம் சுமந்தார், கடைசிவரை இறக்கவில்லை. மறைத்ததும் அதே கை, செய்ததும் அதே கை, எதைத் தனியாகப் பிரிப்பது. சீட்டு இப்போது அம்பலவாணனின் சட்டைப் பையில் இருந்தது. அக்காவுக்குச் சொல்வதா. சொன்னால் அத்தான் அவளுக்குள் உயர்வாரா, உடைவாரா. கஞ்சப்பிசினாரி என்று அவள் இப்போதும் அவர் படத்தைப் பார்த்து, படம் இருக்கும் திசையைப் பார்த்து, சொல்வதுண்டு.

அறுநூற்று இருபத்தொன்று. அறுநூற்று இருபத்திரண்டு. பிறகு எண் வரவில்லை. டிக் என்றது, டிக் டிக் என்றது, பிறகு புளியங்கொட்டையைத் தகரத்தில் உருட்டியதுபோல ஒரு நீண்ட கரகரப்பு, அவன் எழுந்து நின்றுவிட்டான், நின்று என்ன செய்வது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி நின்றான், ரப்பரை இன்னும் கொஞ்சம் நேராக வைத்தான், விரலால் டிஸ்கைத் தொட்டான், சுட்டது, ஈரத்துணியைப் பிழிந்து பக்கத்தில் வைக்கலாமா, குளிர்ந்தால் தெளியுமா, அப்படித் தெளிந்ததாக யாரோ எழுதிப் படித்திருக்கிறான், இன்னும் அறுநூறில் பாதி இருக்கிறது, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் முழுசாக இருக்கிறது, அவளுடைய காலைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, மரகதத்தின் எழுநூற்று முப்பத்தொன்று இருக்கிறது, ஒரே ஒரு பட்டியல், ஒரு நிமிஷ வேலை, ஏன் எடுத்து வைக்கவில்லை, ஏனென்றால் பழைய எண்களுக்கு அர்த்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை, தேயிலைப் பெட்டிக்குள் இருப்பதற்கு அர்த்தம் இருக்காது என்று எப்போது முடிவு செய்தான், விமானத்தில் வரும்போதா, அதற்கும் முன்னாலா. கரகரப்பு நின்றது. உள்ளே சுழல்வதும் மெல்ல அடங்கியது. திரையில் ஒரு வரி, சாதனம் காணப்படவில்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினான், மூன்று தடவை, நான்கு தடவை, நாலாவது தடவை செருகும்போது அது தன் ஆறுதலுக்கு என்று தெரிந்துவிட்டது.

பின்கட்டில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், ஒரு பக்கம் புளி, ஒரு பக்கம் கொட்டை, நடுவில் அரிவாள்மணைப் பலகை. “என்னல, சத்தம் நின்னுட்டு,” என்றாள். “போயிட்டுக்கா,” என்றான், “அறுநூத்தி இருபத்திரெண்டு வரைதான் வந்துச்சு. மேல்வரிசை எதுவும் வரலை. என் தப்புதான்.” அவள் ஒரு சுளையை எடுத்துத் தடவி நரம்பை உரித்தாள். “எது வந்துச்சாம்?” “எண்ணு. எந்தப் பாட்டுக்கு எந்த நம்பர்னு.” “அதுக்கா ரெண்டு நாளா சாப்பிடாமக்கூட அந்தச் சனியனோட மல்லுக்கட்டுத?” என்றாள் அக்கா, “எங்கிட்ட கேக்க வேண்டியதானே.” அவன் நிலைப்படியில் உட்கார்ந்தான். “எல்லாம் தெரியுமாக்கா?” “எழுநூத்திப் பதினொண்ணு கிளாரினெட்டு. பன்னெண்டு, காவடிச் சிந்து. பதிமூணு, அந்தப் பொம்பளை மூச்சே விடாமப் பாடுவாளே, அது. பதினாலு அவுகளுக்குப் பிடிச்சது, எனக்கு ஆகாது, இருந்தாலும் போடுவேன். பதினஞ்சு கிடையாது.” “தெரியும்,” என்றான். “இப்பந்தான் தெரிஞ்சுது. ஏன்க்கா சொல்லலை?” “நீ ஆசையா ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சுக்கிட்டிருந்த. பிள்ளைக்குப் பேரு வைக்கவன்கிட்ட போய் அந்தப் பேரு நல்லால்லன்னு சொல்லுவாகளா,” என்று சொல்லிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “பரண்ல மானிட்டரை எடுத்தியோ? அந்தப் பச்சைப் போர்வையைத் தோய்க்கப் போடு, போன பொங்கலுக்கு மாத்தலை, ஏற முடியலை.” அம்பலவாணனுக்குச் சட்டைப் பைமேல் கை போனது, வருஷா வருஷம் போர்வை மாற்றுகிறவள், பாலிதீன் பையைத் திறக்காமலா இருந்திருப்பாள். “அதுல ஒரு சீட்டு…” என்றான். “ஆமா, அதை அங்கனயே வையி,” என்றாள். “பெட்டி வந்த மறு பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஏறும்போதே படிச்சுட்டேன். அவுக மில்லுக்குப் போன பொறவு கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து பழகுவேன், சாயந்தரம் வந்தா கஞ்சப்பிசினாரின்னு ஏசுவேன், அப்பத்தான் மனுசனுக்கு நிம்மதி.” “அத்தானுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?” “அவுகளுக்கு எதுக்குத் தெரியணும்,” என்றாள் அக்கா, சுத்தியலைத் தடவி எடுத்தாள். முற்றத்துக் கொடியில் அணில் ஒன்று ஓடியது, எந்த எண்பது பக்கத்தில் இதை எழுதுவது, ஒருத்தர் செய்ததை, மற்றவர் அறிந்ததை, அறிந்ததைச் செய்தவர் அறியாமலே போனதை, “அக்கா,” என்றான், “அன்னைக்குக் கேன்டீன்ல அத்தான் பேசினாகளே, விளக்கு எரியும்போதே கைக்கு வழி சொல்லி வச்சிரணும், இல்லாட்டின்னு. இல்லாட்டி என்ன?” “இல்லாட்டி விளக்கு அணைஞ்ச அன்னைக்குக் கை நம்மகிட்ட வந்து வழி கேக்கும்,” என்றாள் அவள், “மில்லுல பழைய ஃபோர்மேன் சொன்னதாம், இவுக ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுவாக. நோட்டு எடுத்துட்டு வா. அறுநூத்தி இருபத்தி மூணு, எழுது, மழைப் பாட்டு.” அவன் நோட்டை எடுத்துவந்து எழுதினான், சுத்தியல் தட்டத் தட்ட எண் வந்தது, கொட்டை ஒருபக்கம் விழ விழப் பாட்டு வந்தது, ஒன்பதில் முடியும்போதெல்லாம் அவள் விரல் பலகையின் மூலைக்குப் போய்வந்தது, தொள்ளாயிரத்து அறுபத்துநாலில் முடித்தபோது வெயில் சுவரேறியிருந்தது, உள்ளே வந்து சின்னத் திரையின் ஒயரைக் கழற்றிவிட்டு, நோட்டிலிருந்த எண்களை ஏற்ற அவன் புது போர்டுக்கு எதிரே உட்கார்ந்தான். அத்தான் வைத்தபடியே ஐந்தை எந்தப் பாட்டுக்கும் கொடுக்காமல் நிறுத்துவதற்கு மட்டும் விட்டுவைப்பது என்று முடிவு செய்தான்.